‘தகுதி, திறமை’ பேசுவோருக்குக் கஷாபா ஜாதவின் பிடி

ஒலிம்பிக் வந்தால் கூடவே அந்தக் கிண்டலும் வந்துவிடும். “ஓட்டப் பந்தயத்தில் உங்களைப் பத்து மீட்டர் முன்னால் நிறுத்த வேண்டுமா? கிரிக்கெட் அணியிலும் இடஒதுக்கீடு கேட்பீர்களா? மைதானத்தில் தகுதி, திறமை மட்டும்தான் பேசும்.” இதை எழுதுகிறவர் பெரும்பாலும் மைதானத்தின் பக்கம் போகாதவர் என்பது வேறு விஷயம். நாமும் உடனே புள்ளிவிவரம், அரசியல் சட்டப் பிரிவு, நீதிமன்றத் தீர்ப்பு என்று கிளம்பிவிடுகிறோம். அவையெல்லாம் தேவைதான். ஆனால் விளையாட்டைப் பற்றிய கேள்விக்கு விளையாட்டிலிருந்தே பதில் சொல்லலாம். சுதந்திர இந்தியாவுக்குத் தனிநபர் பிரிவில் முதல் ஒலிம்பிக் பதக்கத்தை வாங்கித் தந்த ஒரு கல்லூரி மல்யுத்த வீரரை எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

அவர் பெயர் கஷாபா தாதாசாகேப் ஜாதவ். 1926 ஜனவரி 15-இல் பிறந்தவர். மராட்டிய மாநிலம் சதாரா மாவட்டத்தில், கராடு நகரை ஒட்டிய கோலேஷ்வர் என்ற கிராமம். அப்பா தாதாசாகேப்பும் பயில்வான். ஐந்து பிள்ளைகளில் கடைக்குட்டியான கஷாபாவுக்கு ஐந்து வயதிலேயே அப்பாவிடம் பயிற்சி தொடங்கிவிட்டது. கராடில் திலகர் உயர்நிலைப் பள்ளி, பிறகு கோலாப்பூரில் ராஜாராம் கல்லூரி. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 57 கிலோ எடைப் பிரிவில் வெண்கலம் வாங்கினார். அடுத்த தனிநபர் பதக்கத்துக்கு இந்தியா 44 ஆண்டுகள் காத்திருந்தது; 1996-இல் டென்னிஸில் லியாண்டர் பயஸ் வாங்கினார். மல்யுத்தத்தில் அடுத்த பதக்கம் வர 2008 ஆனது.

இந்த இடத்தில் சிலருக்குக் கை பரபரக்கும். ஜாதவ் என்ன சாதி என்று தேடத் தோன்றும். 2016-இல் பி.வி.சிந்து இறுதிப் போட்டிக்குப் போனபோது, அவருடைய சாதி என்ன என்று கூகுளில் தேடியவர்கள் செய்தியாகும் அளவுக்கு இருந்தார்கள் என்பது நினைவிருக்கும். ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த வீரரின் வெற்றிக் கதை என்று ஜாதவை உங்கள் முன் நிறுத்த நான் வரவில்லை. அவருடைய ஆட்டமும், அந்த ஆட்டம் சாத்தியமான விதமும்தான் எனக்கு முக்கியம்.

ராஜாராம் கல்லூரியில் ஆண்டு விளையாட்டு விழா வருகிறது. மல்யுத்தப் போட்டிக்குப் பெயர் கொடுக்கப் போகிறார் ஜாதவ். உயரம் ஐந்தடி ஐந்தங்குலம், ஒல்லியான உடம்பு. விளையாட்டு ஆசிரியர் மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சேர்க்க முடியாது என்கிறார். பயில்வான் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று அவர் மனதில் ஒரு படம் இருந்திருக்கும். அந்தப் படத்தில் இந்தப் பையன் இல்லை. ஜாதவ் நேராகக் கல்லூரி முதல்வர் கர்டேகரிடம் போய் முறையிடுகிறார். முதல்வர் அனுமதி தருகிறார். அதன்பின் களத்தில் தன்னைவிடப் பெரிய, பெயர் பெற்ற ஆட்களை ஒருவர் பின் ஒருவராகச் சாய்க்கிறார்.

கதை இதோடு முடிந்திருந்தால், ‘பார்த்தீர்களா, திறமை இருந்தால் எப்படியும் மேலே வந்துவிடலாம்’ என்று அவர்களே இதை எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். கவனியுங்கள்: முதல்வர் கதவைத் திறக்காமல் இருந்திருந்தால் அந்தத் திறமை யாருக்கும் தெரியாமலே போயிருக்கும். விளையாட்டு ஆசிரியருடைய கண்தான் அங்கே நுழைவுத் தேர்வு. ஆளைப் பார்த்த மாத்திரத்தில் ‘இவன் எதற்கு லாயக்கு’ என்று முடிவு கட்டும் கண் அது. வகுப்பறையில், நேர்முகத் தேர்வில், வாடகை வீடு தேடும் தெருவில் அதே கண்ணை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம்.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். ஜாதவின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் பிடி ஒன்று உண்டு. மராத்தியில் அதை ‘டாக்’ என்பார்கள். எதிராளியின் தலையையும் கழுத்தையும் தன் கைக்குள் இறுக்கிக்கொண்டு, அதே வேகத்தில் இடுப்பைத் திருப்பி, அவரைத் தன் மேலாக எடுத்துத் தரையில் போடுவது. சொல்ல ஒரு வரிதான். செய்யும்போது அந்த ஒரு நொடிக்குள் நான்கைந்து காரியங்கள் நடக்க வேண்டும். கால் எங்கே ஊன்றுகிறது, இடுப்பு எதிராளியின் இடுப்புக்குக் கீழே போகிறதா, அவர் முன்னால் தள்ளுகிறாரா பின்னால் இழுக்கிறாரா, கை எப்போது இறுக வேண்டும் என்று எல்லாம் சேர்ந்து வர வேண்டும். ஒன்று பிந்தினாலும் பிடி போட்டவரே கீழே கிடப்பார். எதிராளி அசையாமல் நின்றால் இந்தப் பிடி எளிதில் விழாது. அவர் தள்ள வேண்டும். அந்தத் தள்ளலைத்தான் இவர் தன் பக்கம் திருப்பிக்கொள்கிறார். எதிராளியின் பலமே அவரைத் தூக்கி எறியும் விசையாகிறது. குள்ளமாக இருப்பது இங்கே வசதி. எதிராளியின் இடுப்புக்குக் கீழே நுழைய அவர் அதிகம் குனிய வேண்டியதில்லை. விளையாட்டு ஆசிரியர் குறையாகப் பார்த்த அதே உயரம்தான்!

எனக்கு இதைவிடப் பெரிதாகத் தெரிவது அவர் மண்ணிலிருந்து மெத்தைக்கு மாறியது. மண் களத்துக் குஸ்தி வேறு ஆட்டம். எண்ணெயும் மஞ்சளும் கலந்து பக்குவப்படுத்திய மண்ணில் கால் சற்றே புதையும், நகர்வு நிதானமாக இருக்கும். எதிராளியின் முதுகு மண்ணில் பட்டால் ஆட்டம் முடிந்தது. அதுவரை பொறுமையாகச் சுற்றி வரலாம். ஒலிம்பிக் மெத்தையில் அந்தப் பொறுமைக்கு இடம் இல்லை. நேரக் கணக்கு உண்டு, நடுவர்கள் தீர்ப்பு உண்டு, முதுகு படாமலேயே தோற்கலாம். 1948 லண்டன் ஒலிம்பிக்குக் கோலாப்பூர் மன்னரின் பணத்தில் போனபோது ஜாதவுக்கு மெத்தையும் புதிது, சர்வதேச விதிகளும் புதிது. அங்கே ரீஸ் கார்ட்னர் என்ற அமெரிக்கர் அவருக்குச் சொல்லிக்கொடுத்தார். எடை குறைந்த பிரிவில் ஆறாவது இடம் கிடைத்தது. மெத்தையில் பழகாத ஒருவருக்கு அது பெரிய இடம். ஊர் திரும்பியவர் நான்கு ஆண்டுகள் விடாமல் உழைத்து, ஒரு படி கனமான எடைப் பிரிவுக்கு ஏறி, புதிய விதிகளுக்குத் தன் பழைய பிடிகளைப் பழக்கினார். உள்ளூர் வாத்தியாரிடம் கற்றதையும் அமெரிக்கரிடம் கற்றதையும் ஒன்றோடொன்று மோதவிடாமல் சேர்த்துக்கொண்டார். திறமை என்றால் நான் புரிந்துகொள்வது இதைத்தான். கற்றுக்கொள்வது, மாற்றிக்கொள்வது, மறுபடி செய்து பார்ப்பது. ரத்தத்தில் ஊறியது, பரம்பரையில் வந்தது என்ற பேச்செல்லாம் வர்ணக் கதை.

மல்யுத்தத்தைத் தனியாகக் கற்க முடியாது. ஏகலைவன் துரோணருக்கு மண்ணில் சிலை செய்து வைத்து வில்வித்தை கற்றான் என்கிறது கதை. வில்லும் அம்பும் இருந்தால் அது நடக்கக்கூடியது. மண் சிலையிடம் மல்யுத்தம் கற்க முடியுமா? எதிரே மூச்சு விடும் ஓர் உடம்பு வேண்டும். அது உங்களைத் தள்ள வேண்டும், நீங்கள் அதைத் தள்ள வேண்டும். உங்கள் வியர்வை அவர் மேலும் அவர் வியர்வை உங்கள் மேலும் பட வேண்டும். நீங்கள் பிடியைப் பழகும்வரை ஆயிரம் முறை அவர் கீழே விழுந்து கொடுக்க வேண்டும். அடுத்த நாள் நீங்கள் அவருக்கு விழுந்து கொடுக்க வேண்டும். யாரைத் தொடலாம், யாரைத் தொடக்கூடாது என்பதன் மேல் கட்டப்பட்ட ஒரு சமூகத்தில் இந்த ஆட்டம் எவ்வளவு வில்லங்கமானது என்று யோசித்துப் பாருங்கள். ஒருவரைப் பயிற்சிக் களத்துக்குள் விடாமல் வைத்தால் அவருக்கு மறுக்கப்படுவது மண்தரை மட்டுமா? அந்த எதிராளியே மறுக்கப்படுகிறார். எதிராளி இல்லாதவருக்குப் பிடி ஏது?

கிரிக்கெட்டில் இந்தச் சிக்கலைச் சாதி வேறு விதமாகச் சமாளித்தது. பல்வங்கர் பாலு என்ற தலித் பந்துவீச்சாளர் புனேயில் இந்து அணிக்கு ஆடினார். அவர் வீசிய பந்தை எல்லோரும் தொடுவார்கள். தேநீர் இடைவேளையில் மட்டும் அவருக்கு வெளியே, தனியே, தூக்கி எறியும் மண் குவளையில் தேநீர். பந்து தீட்டைச் சுமக்காது, குவளை சுமக்கும் என்ற விசித்திரமான ஏற்பாடு. 1911-இல் இங்கிலாந்து போன இந்திய அணியில் நூறு விக்கெட்டுகளுக்கு மேல் சாய்த்து வந்தவர் அவர். இருந்தும் இந்து அணியின் தலைமை அவருக்குத் தரப்படவே இல்லை. தம்பி விட்டல் அணித் தலைவராக 1923 ஆனது. கிரிக்கெட்டில் தொடாமலேயே சேர்ந்து ஆடலாம். மல்யுத்தத்தில் அந்த ஏற்பாட்டுக்கு வழியே கிடையாது.

பனாரஸ் நகரத்து மல்யுத்தக் கூடங்களில் களஆய்வு செய்த மானுடவியலாளர் ஜோசப் ஆல்ட்டர் 1992-இல் வெளியிட்ட நூல் ஒன்று உண்டு. உடம்பைப் பற்றிய பயில்வான்களின் பார்வை, தீட்டு பற்றிய சாதியின் கணக்கோடு எப்படி உரசுகிறது என்பது அதில் முக்கியமான விவாதம். ஒருவர் உடம்பை ஒருவர் பிசைந்துவிடும் இடத்தில் மேல் கீழ் என்ற கணக்கு தடுமாறத்தான் செய்யும். அதற்காகக் குஸ்திக் களம் சாதி ஒழிந்த சொர்க்கம் என்று நான் சொல்ல மாட்டேன். களத்துக்கு வெளியே வந்ததும் அதே ஊர், அதே தெரு. போதாததற்கு மண்ணின் வீரம், குலப் பெருமை என்று மீசை முறுக்குவதற்கு இந்த ஆட்டத்தை வைத்துக்கொண்டவர்கள் எல்லா மாநிலத்திலும் இருக்கிறார்கள். பெண்களைப் பல காலம் அந்த மண்ணில் கால் வைக்கவே விடவில்லை. கால் வைத்து ஒலிம்பிக் வரை போனவர்கள் 2023-இல் டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார வேண்டி வந்தது. மல்யுத்தச் சம்மேளனத் தலைவர் மீது பாலியல் புகார் சொன்ன அந்தப் பெண்களையும் அவர்களுக்குத் துணை நின்றவர்களையும், புதிய நாடாளுமன்றக் கட்டடம் திறந்த மே 28 அன்று காவல்துறை தெருவில் இழுத்துப் போனதை நாடே பார்த்தது. நம்பிக்கையோடு தொட்டால்தான் அது விளையாட்டு. அதை மறந்தவர்கள்தான் அந்த விளையாட்டை நிர்வகித்துக்கொண்டிருந்தார்கள்.

கோலாப்பூருக்குத் திரும்புவோம். ஜாதவ் படித்த, பழகிய அந்த ஊர் சும்மா கிடைத்ததல்ல. அங்கே சத்ரபதி ஷாகு மகாராஜ் என்றொருவர் ஆண்டார். அரசப் பதவியில் இருந்தும், சூத்திரர் என்று சொல்லி அவருக்கே வேத முறைச் சடங்கு செய்ய மறுத்தார்கள் பார்ப்பனப் புரோகிதர்கள். 1902 ஜூலை 26-இல் தன் சமஸ்தானத்து அரசு வேலைகளில் பிற்படுத்தப்பட்டோருக்கு 50 விழுக்காடு ஒதுக்கி ஆணை வெளியிட்டார். அப்போது அவர் இங்கிலாந்தில் இருந்தார்! நீதிக்கட்சி ஆட்சியின் முதல் வகுப்புவாரி ஆணைக்குக் கிட்டத்தட்ட இருபது ஆண்டுகளுக்கு முந்தையது இது. அதே ஐரோப்பியப் பயணத்தில் ரோம் நகரத்துக் கொலோசியத்தைப் பார்த்துவிட்டு வந்துதான் கோலாப்பூரில் காஸ்பாக் மைதானம் என்ற மல்யுத்த அரங்கைக் கட்டினார் என்பார்கள். நடுவில் தாழ்வான மண் களம், சுற்றிலும் உயர்ந்துகொண்டே போகும் பார்வையாளர் இடம். பல்லாயிரம் பேர் உட்கார்ந்தாலும் யாருக்கும் யார் தலையும் மறைக்காது. ஷாகுவே மல்யுத்தப் பித்தர். பயில்வான்களுக்குச் சோறு போட்டு, பயிற்சிக் கூடங்களை வளர்த்து, வெவ்வேறு சமூக மாணவர்களுக்கு விடுதிகள் திறந்தார். 1917-இல் இலவசக் கட்டாயத் தொடக்கக் கல்வியைக் கொண்டுவந்தார்.

தொடுதல் பற்றிப் பேசுவதால் கங்காராம் காம்ப்ளேயைச் சொல்லாமல் போக முடியாது. ஷாகுவின் குதிரை லாயத்தில் வேலை பார்த்த தலித் அவர். பொதுத் தண்ணீர்த் தொட்டியைத் தொட்டதற்காக அவரை ஆதிக்க சாதிக்காரர்கள் அடித்தார்கள். அடித்தவர்களைத் தண்டித்ததோடு ஷாகு நிற்கவில்லை. காம்ப்ளேயைக் கோலாப்பூரில் தேநீர்க் கடை வைக்கச் சொல்லி உதவினார். கடைக்கு யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்து, தானே அங்கே போய்த் தேநீர் குடித்தார். கூட வந்த பெரிய மனிதர்களையும் குடிக்க வைத்தார். புனேயில் பாலுவுக்கு மண் குவளையை வெளியே நீட்டிய அதே தேநீர்தான், இங்கே மன்னனை உள்ளே வரவழைத்தது. 1920 மார்ச்சில் மாண்காவ் மாநாட்டில் அண்ணல் அம்பேத்கரை உங்கள் தலைவர் என்று மக்கள் முன் நிறுத்தியவரும் இவரே. மன்னராட்சியைப் போற்றுவது நம் வேலை அல்ல, ஷாகுவின் கோலாப்பூரிலும் சாதி ஒழிந்துவிடவில்லை. ஆனால் 1922-இல் ஷாகு இறந்து நான்கு ஆண்டுகள் கழித்துப் பிறந்த ஒரு கிராமத்துப் பையனுக்குப் போய்ச் சேரக் கோலாப்பூர் என்றொரு ஊர் இருந்தது. அங்கே கல்லூரி இருந்தது, களம் இருந்தது, எதிராளிகள் இருந்தார்கள், பார்க்க வரும் கூட்டம் இருந்தது. 1952 ஹெல்சிங்கியில் ஜாதவோடு போன கேசவ் மாண்கவே இன்னொரு எடைப் பிரிவில் நான்காம் இடம் பெற்றார். அதிசயப் பிறவிகள் ஒரே பக்கத்தில் கூட்டமாகப் பிறப்பதில்லை. யாரோ நிலத்தைப் பண்படுத்தியிருக்கிறார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஹெல்சிங்கி அணியில் ஜாதவ் இருந்திருக்கவே மாட்டார். நம் சென்னையில்தான் அது நடந்தது. சென்னையில் நடந்த தேசியப் போட்டியில் தனக்கு வேண்டுமென்றே ஒரு புள்ளி குறைத்துப் போட்டார்கள் என்று ஜாதவ் குற்றம் சாட்டினார். அந்த ஒரு புள்ளியால் ஒலிம்பிக் வாய்ப்பு போனது. அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிடவில்லை. விளையாட்டுப் பிரியரான பாட்டியாலா மன்னரிடம் முறையிட்டார். மறுபடி தகுதிப் போட்டி ஏற்பாடானது. எதிராளியைச் சாய்த்து, மூன்றாவது ஆள் புள்ளி போட அவசியமே இல்லாமல் இடத்தை வாங்கினார்.

அந்த ஒரு புள்ளி பற்றி ஆராய்ச்சி மாணவர்களுக்கு அதிகம் விளக்க வேண்டாம். ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் 2016-இல் அப்துல் நஃபே குழு மாணவர் சேர்க்கை மதிப்பெண்களை ஆராய்ந்தது. எழுத்துத் தேர்வுக்கும் வாய்மொழித் தேர்வுக்கும் இடையில் ஒடுக்கப்பட்ட பிரிவு மாணவர்களின் மதிப்பெண் விழும் விதத்தில் பாகுபாடு தெரிகிறது என்று சொல்லி, வாய்மொழித் தேர்வின் பங்கை 30-இலிருந்து 15 ஆகக் குறைக்கப் பரிந்துரைத்தது. பெயர் தெரியாத தாளைத் திருத்தும் கை ஒரு மாதிரி போடுகிறது. ஆளை எதிரே உட்காரவைத்துப் பார்க்கும் கண் வேறு மாதிரி போடுகிறது. ஜாதவுக்கு இருந்த ஒரு வசதி நமக்கு இல்லை. அவர் எதிராளியின் முதுகை மண்ணில் வைத்துக் காட்டிவிடலாம். ஒரு முனைவர் பட்ட நேர்முகத்தில் யார் முதுகை எங்கே வைப்பது?

அடுத்தது பணம். ஹெல்சிங்கிக்குத் தேர்வான வீரருக்குப் பயணச் செலவுக்குக் காசு இல்லை. அரசிடமிருந்து போதுமான உதவி வரவில்லை. கோலேஷ்வர் மக்கள் வசூல் செய்தார்கள். தெரிந்தவர்களிடம் ஜாதவ் கையேந்தினார். ராஜாராம் கல்லூரி முதல்வர் கர்டேகர் தன் வீட்டை அடமானம் வைத்து 7,000 ரூபாய் கொடுத்தார். ஐந்தடி ஐந்தங்குலப் பையனை ஆண்டு விழாவில் ஆட விட்ட அதே மனிதர். 1952-இல் 7,000 ரூபாய் என்பது சின்னத் தொகை இல்லை. தகுதிக்கு விலை இருக்கிறது, யாரோ ஒருவர் அதைக் கட்டுகிறார். சிலருக்கு அப்பாவின் வங்கிக் கணக்கு கட்டிவிடுகிறது. அது கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதால் அவர்கள் சுயமாக வந்தவர்களாகிவிடுகிறார்கள். மற்றவர்களுக்கு அரசு கட்டினால் அது சலுகை.

ஹெல்சிங்கியில் கனடா, மெக்சிகோ, ஜெர்மனி வீரர்களை ஜாதவ் வென்றார். ஜப்பானின் ஷோஹாச்சி இஷீயிடம் நீண்ட போராட்டத்தில் தோற்றார். இஷீயி முதலில் ஜூடோக்காரர். போருக்குப் பிறகு அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகம் ஜூடோவுக்குத் தடை போட்டதால் மல்யுத்தத்துக்கு மாறியவர். ஒரு ஜூடோக்காரரும் ஒரு மண் களத்துக் குஸ்திக்காரரும், இருவருக்குமே சொந்தமில்லாத மெத்தையில், இருவருமே பிற்பாடு கற்ற விதிகளில் மோதினார்கள். அன்றைய ஒலிம்பிக்கில் எனக்குப் பார்க்கக் கிடைத்திருந்தால் இந்த ஓர் ஆட்டத்தைத்தான் கேட்டிருப்பேன். இஷீயிக்குத் தங்கம் போனது. இந்த ஆட்டம் முடிந்த கையோடு சோவியத் வீரர் ரஷீத் மமத்பேயோவோடு மோத ஜாதவை அழைத்துவிட்டார்கள் என்பதுதான் தொடர்ந்து சொல்லப்பட்டுவரும் வரலாறு. இரண்டு ஆட்டங்களுக்கு இடையே அரை மணி நேர ஓய்வு விதிப்படி உண்டு. அதை எடுத்துச் சொல்ல இந்திய அதிகாரி ஒருவரும் பக்கத்தில் இல்லை. களைத்த உடம்போடு இறங்கித் தோற்றார். மமத்பேயோவுக்கு வெள்ளி, ஜாதவுக்கு வெண்கலம்.

விதி புத்தகத்தில் இருந்தது. விதியைக் கேட்கும் வாய் அங்கே இல்லை. இடஒதுக்கீட்டுப் பணியிடங்கள் காகிதத்தில் இருந்தும் நிரப்பப்படாமல் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு இது அந்நியமாக இருக்காது. பிரதிநிதித்துவம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த அரை மணி நேரத்தைத்தான்.

அதற்குப் பிறகு அரசு அவருக்குச் செய்தது கொஞ்சம்தான். 1955-இல் காவல்துறையில் உதவி ஆய்வாளராகச் சேர்ந்து, பல ஆண்டுகள் பதவி உயர்வு இல்லாமல் இருந்து, உதவி ஆணையராக ஓய்வு பெற்றார். ஓய்வூதியத்துக்கே போராட வேண்டியிருந்தது. 1984-இல் சாலை விபத்தில் இறந்தார். உயிரோடு இருந்தவரை ஒரு பத்ம விருதும் வரவில்லை. இறந்தபின் 2000-ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருது கிடைத்தது. வீரருக்கு அர்ஜுனன் பெயரிலும் பயிற்சியாளருக்குத் துரோணர் பெயரிலும் விருது கொடுக்கும் நாடு இது. கட்டை விரல் கேட்டவர் பெயரில் சிறந்த ஆசிரியர் பட்டம்! 2010 காமன்வெல்த் போட்டியின்போது டெல்லி மல்யுத்த அரங்குக்கு ஜாதவ் பெயரை வைத்தார்கள். பெயர் வைப்பது எப்போதும் மலிவான வேலை.

ஜெயிக்கும்வரைதான் நாட்டின் பிள்ளை என்பதும் பழைய கதைதான். 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியப் பெண்கள் ஹாக்கி அணி அரையிறுதியில் தோற்ற அன்று, ஹரித்வார் பக்கம் வந்தனா கட்டாரியாவின் வீட்டு முன்னால் ஆதிக்க சாதி ஆண்கள் பட்டாசு வெடித்து, சாதிப் பெயர் சொல்லி ஏசினார்கள். அணியில் தலித்துகள் அதிகமானதால்தான் தோல்வி என்றார்கள். சில நாள் முன்புதான் அதே ஒலிம்பிக்கில் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் போட்டிருந்தார் அந்தப் பெண். ஒலிம்பிக் ஹாக்கியில் அதைச் செய்த முதல் இந்தியப் பெண் அவர். மைதானத்தில் தகுதி, திறமைதான் பேசும் என்பவர்கள், அந்தப் பேச்சு அன்று யார் காதில் விழுந்தது என்று சொல்லட்டும்.

ஜாதவின் ஆட்ட நேர்மை பற்றிச் சொல்ல எனக்கு மெத்தைக்கு வெளியே நடந்ததுதான் பிடித்திருக்கிறது. ஒரு புள்ளி திருடப்பட்டதாக நம்பியவர், ஓய்வு நேரம் மறுக்கப்பட்டவர், பதக்கத்தோடு ஊர் திரும்புகிறார். கராடிலிருந்து கோலேஷ்வர் வரை 151 மாட்டு வண்டிகளோடு ஊர்வலம். தெருவெல்லாம் கூட்டம், மேளம், மாலை. அந்தப் புகழை வைத்துத் தனக்கென்று என்னென்னவோ கேட்டு வாங்கியிருக்கலாம். அவர் கோலாப்பூரில் மல்யுத்தப் போட்டிகளை ஏற்பாடு செய்தார். ஒலிம்பிக் பதக்கக்காரர் மறுபடி உள்ளூர் மண்ணில் இறங்கினார். டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்த கூட்டத்தின் முன்னால் அதே பிடிகளைப் போட்டு, எதிராளிகளைச் சாய்த்தார். வந்த பணத்தை எடுத்துக்கொண்டு போய்க் கர்டேகரிடம் கொடுத்து, அவருடைய வீட்டை அடமானத்திலிருந்து மீட்டார்.